மூன்று மீட்டர் என்று சொன்னேன்

ஐப்பசி 9, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. வாடைக்காற்று. கருவாடு மொத்தமும் வீட்டுக்குள். இடது முழங்காலில் வலி.

எனக்கு எழுத்து தெரியாது. போனிடம் சொன்னால் அது எழுதிக்கொள்கிறது. குப்பத்துப் பேச்சில் சொன்னால் தாறுமாறாக எழுதி, தாறுமாறாகவே திருப்பிப் படித்துக் காட்டுகிறது. அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி சொல்கிறேன்.

நான்கு நாளாகக் கம்பத்துக் குழாய் ஊமை. அலை பெரிதானால் சங்கு ஊதி, கடலுக்குப் போகாதீர்கள் என்று சொல்கிற குழாய். அதை ஊதவைக்கும் சர்வர் கம்ப்யூட்டர் சிதம்பரத்தில் ஒரு ஆபீசில் இருக்கிறது. அது கெட்டுப்போனது. புது டிஸ்க் போட்டு, முன்னே எடுத்துவைத்த நகலிலிருந்து செட்டிங்ஸ் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார்களாம். மதியம் குழாய் பேசியது.

குப்பத்தில் இருக்கும் கடல் எச்சரிக்கை மையத்தைப் பார்த்துக்கொள்வது என் மருமகள் சுமதி. மகன் கடலோடு போன பிறகு அவளுக்குக் கிடைத்த வேலை.

"எல்லாம் பழையபடியே வந்துடுச்சி மாமா. ஒண்ணுகூட விட்டுப்போவல" என்றாள். முகத்தில் நிம்மதி.

மோர்மிளகாய் தீர்ந்துவிட்டது.

ஐப்பசி 10, புதன்

மழை விட்டது. காற்று விடவில்லை. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் வளைவில் மூன்றாவது கல் நனைந்தது. அந்தக் கல் நனைந்தால் குழாய் ஊத வேண்டும். இரண்டு வருஷமாக ஒரு தடவையும் தவறியதில்லை. இன்று ஊதவில்லை.

ஏழுமலை போட்டைத் தள்ளிக்கொண்டிருந்தான். போகாதே என்றேன்.

"குழாயே சும்மா கெடக்குது. நீ ஏன் மாமா ஊதற?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். ஆறு போட் போனது.

பத்து மணிக்குத் திரும்பும்போது, அலை உடைகிற இடத்தில் ஏழுமலையின் போட் கவிழ்ந்தது. ஆள் பிழைத்தான். தோள்பட்டை இறங்கிவிட்டது. கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மையத்து வாசல் வரை போனேன். நின்றேன். திரும்பிவிட்டேன். என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பழையபடி வந்துவிட்டது என்றாளே. எந்த வருஷத்துப் பழையபடி?

போனுக்கு மட்டும் சொல்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னே குழாய் இரண்டு மீட்டர் அலைக்கே ஊதும். மழைக்காலம் முழுக்கத் தொழில் கெட்டது. ஆண்கள் பஞ்சாயத்தில் கூடினோம். எத்தனை மீட்டர் வைக்கலாம் என்று என்னைத்தான் கேட்டார்கள். ஐம்பது வருஷத்துக் கடலும் எனக்கு நாள்நாளாக ஞாபகம். மூன்று என்றேன். கடிதத்தில் முதல் கைநாட்டு என்னுடையது. ஆபீசில் மூன்றாக்கினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் காலை, மகன் குமார் கிளம்பும்போது கடலைப் பார்த்துத் தயங்கினான். "குழாய் ஊதலியே, போடா" என்றேன். அன்று அலை இரண்டே முக்கால்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தனியாகச் சிதம்பரம் போனேன். அப்போதிருந்த ஆபீசர் என் வாய்ச்சொல்லைக் கேட்டே திரும்ப இரண்டாக்கினார். கடிதம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நகலும் எடுக்கவில்லை போலிருக்கிறது. குப்பத்து ஆண்கள் எனக்காக இதைப் பற்றி வெளியே வாய் திறக்கவில்லை. சுமதிக்குத் தெரியாது.

ஐப்பசி 11, வியாழன்

மேகமூட்டம். கல் நனைந்தபடிதான். குழாய் இன்றும் சும்மா.

சுமதியிடம் சொன்னேன், அலை அளவு மூன்றாகிவிட்டது என்று.

"ஒங்களுக்கு எப்டி மாமா தெரியும்? எனக்கே இங்க ஸ்கிரீன்ல அது காட்டாதே."

நேரில் போய்க் கேட்போம் என்றேன். மைக்கில் அவளே பேசி, இன்று யாரும் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மினி பஸ்ஸில் புதுச்சத்திரம். அங்கிருந்து சிதம்பரம் பஸ். என் செருப்பு வார் அறுந்தது. பஸ்ஸில் ஒரு அம்மா டிரைவரிடம்: "ஏம்பா, பொண்ணு அழைச்சிகினா போற? கொஞ்சம் வெரசா ஓட்டு." சுமதி சிரித்து என்னைப் பார்த்தாள். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பது இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீசில் இப்போது கலைவாணி என்கிற பெண். காட்டுமன்னார்கோயில்காரர். சர்வர் இருக்கிற அறையில் நல்ல குளிர். எனக்கு நாற்காலி போட்டார்.

"ஐயா, நகல்ல மூணுன்னுதான் இருக்கு. மூணாக்கச் சொல்லி ஒங்க ஊர் கடிதமும் ஃபைல்ல இருக்கு. ரெண்டுக்கு ஒரு காகிதமும் இல்ல. நான் எத நம்பி மாத்தறது?"

"எங்க ஊர்ல யாரு குடுத்தது?" என்றாள் சுமதி.

கலைவாணி ஃபைலைப் பிரித்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சாயத்து, கைநாட்டு, குமாரிடம் போடா என்றது வரை. சுமதி அந்தக் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். மேசையில் வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"ரெண்டுக்கு நான் கடிதம் எழுதித் தரேன் மேடம். மையத்துல இருக்கறவங்கற மொறையில என் கையெழுத்து போதுமா?"

போதும் என்றார். மாற்றினார். மாற்றிய கையோடு புது நகல் எடுத்தார், இரண்டு. "மாத்துன அன்னைக்கே எடுத்திருக்கணும்" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் சுமதி வேறு சீட்.

ஐப்பசி 12, வெள்ளி

வெயில். கருவாடு காயப்போட்டேன். ஏழுமலை கையில் கட்டோடு வந்தான்.

"மாமா, ஒன்ன புடிச்சி கம்பத்துல கட்டிட்டா கரண்டு மிச்சம்."

சிரிக்க முடியவில்லை.

சுமதி சோறு வைத்தாள். தட்டைச் சத்தமில்லாமல்தான் வைத்தாள். கோபத்தில் வைத்திருந்தால் தேவலை.

ஐப்பசி 13, சனி

மழை. மாத்திரை போட்டேனா என்று ஞாபகம் வரவில்லை. எனக்கு இப்படி ஆனதே இல்லை.

ஐப்பசி 14, ஞாயிறு

காலை ஆறரைக்குச் சங்கு ஊதியது. கல் நனைந்தது, குழாயும் ஊதியது. ஒரு போட்டும் போகவில்லை. மணலில் சீட்டாட்டம். "ஞாயித்துக்கெழமை பாத்து ஊதுதே சனியன்" என்று எவனோ திட்டினான்.

மையத்திலிருந்து சுமதி போன் செய்தாள். வாங்க என்று மட்டும். போனேன். ஸ்டூலைக் காட்டினாள்.

"மேடம் எல்லா செட்டிங்சயும் பிரிண்ட் எடுத்துக் குடுத்தாங்க. படிக்கிறேன், கேட்டுக்குங்க. நகலு இன்னொரு தரம் போனாலும் போவும். நீங்க மறக்கமாட்டீங்க."

மாமா என்று சொல்லவில்லை.

படித்தாள். பத்தொன்பது வரி. சங்கு எத்தனை விநாடி, எத்தனை முறை, காற்று எவ்வளவு, முதல் போன் எந்த நம்பருக்கு. ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி. முடித்துவிட்டு,

"திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன். ஏழாவது வரி, அலை உயரம். எடுத்துக்கொடுப்பாள் என்று பார்த்தேன். கொடுக்கவில்லை. காகிதத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

இரண்டு என்றேன்.

"எட்டாவது?" என்றாள்.