உடைவாளைத் தேடாத கை

வெற்றி சூழ்க. ஏழு மலைக்கும் இறைவர், பகைவர்க்குக் கூற்றம், பரிதியும் சுட அஞ்சும் பொன்மேனியர், நாவல்நாட்டு மாமன்னர் வயமான் கோ அவர்களின் திருவுளப்படி, பேரமைச்சர் அறவாழிக் கிழார், எல்லையில் படையோடு பாசறை அமைத்திருக்கும் வெண்கோட்டு வேந்தர் செருவேல் கோ அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குடைநிழல் குளிர்க. தங்கள் யானைகள் வயிறார உண்டு உறங்குக.

சென்ற திங்கள் தங்கள் தூதர் நெடுங்கண்ணனார் அவையில் நின்று சமாதானம் உரைக்கையில் எம் மன்னரின் வலக்கை இடையை நோக்கி விரைந்ததும், அதை வாளுருவும் குறிப்பென்று கொண்டு தூதர் விடைபெறாமலே குதிரையேறியதும், அதன்பொருட்டே தாங்கள் படை திரட்டியதும் யாவரும் அறிந்ததே. மன்னர் அன்று வாளைத் தேடவில்லை. சொறிந்தார்.

அரியணையில் அமர்ந்தவர் சொறிதல் ஆகாது என்பது முன்னோர் விதி. அதை வகுத்தவர்கள் முதுவேனிலில் பட்டுடுத்தி, அதன்மேல் பொற்கவசம் பூட்டி, பொழுது சாயும்வரை அமர்ந்தவரல்லர் போலும். பரிதி சுட அஞ்சும் அம்மேனி இடைக்கச்சின் கீழ் வெந்து சிவந்து வேர்க்குருவாய்ப் பூத்தது. அரண்மனை வைத்தியர் முத்தை அரைத்துப் பூசினர். பொன்னை உரைத்துப் பூசினர். அரிப்பு ஒளிபெற்றதேயன்றிக் குறையவில்லை.

ஈற்றில் பட்டத்தரசி இளவெயினியார் தொட்டிலருகே இருந்த சிமிழை எடுத்து வந்தார். துத்தநாகத்தை நீற்றிய வெண்பொடியை நெய்யில் குழைத்த களிம்பு அது. இளவரசருக்குத் தொடை சிவந்தால் தடவுவதையே தந்தைக்கும் தடவுவதாகவும், பிள்ளைகூட இத்தனை ஆர்ப்பாட்டம் செய்வதில்லை என்றும், ஏழு மலைக்கும் இறைவர் சற்றே வாயை மூடிக்கொண்டு குப்புறக் கிடக்கட்டும் என்றும் தேவியார் பணித்தருளினார். மன்னர் கிடந்தார்.

துத்தநாகத்தின் பெருமையை என்னென்பது! அது மணப்பதில்லை, மின்னுவதில்லை, புலவரை அமர்த்தித் தன்னைப் பாடச் சொல்வதில்லை. பூசிய இடத்தில் காவல் நின்று ஈரத்தை அண்டவிடாது, சிவப்பைத் தணிக்கும், புண்பட்ட தோல் ஆறத் துணைநிற்கும், மூக்கின்மேல் பூசிக்கொண்டால் சுடும் வெயிலையே திருப்பியனுப்பும். பரிதி அஞ்சுவது மெய்யாகவே இதற்குத்தான். அந்தப் பட்டத்தை இதற்கே மாற்றிக் கொடுத்துவிடலாமா என்று கிழார் பணிவுடன் வினவ, மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். அரிப்பு அடங்கியபின் அவர் சிரித்த முதற்சிரிப்பு அது.

இதையெல்லாம் ஓலையில் எழுதினால் மானம் கப்பலேறும் என்று படைத்தலைவர் முறையிட்டார். ஏறட்டும், ஊரார் பிள்ளைகள் களத்தில் விழுவதைவிட அது மேல், சொறிந்தேன் என்றே எழுதும் கிழாரே என்று மன்னர் மொழிந்தார்.

ஆகவே களிம்புச் சிமிழ்கள் இவ்வோலையோடு வருகின்றன. இந்த வெயிலில், கவசத்துக்குள், தாங்களும் தங்கள் வீரரும் படும்பாடு யாம் அறியாததன்று. தங்கள் தூதரும் எம் அவைத்தூணில் முதுகைத் தேய்த்தபடியேதான் சமாதானம் உரைத்தார். முதலில் பூசுக. ஆறட்டும். அதன்பின்னும் போர் வேண்டுமெனத் தோன்றினால் சொல்லியனுப்புக. இன்றுமுதல் எம் அவையில் அரசர் முதல் தூதர் ஈறாக எவரும் அஞ்சாது சொறியலாம் என்பது ஆணை.

அரக்கு இலச்சினையைச் சுற்றி வெண்மை படிந்திருப்பது கண்டு ஓலையைப் போலியெனக் கொள்ளற்க. மன்னர் களிம்பிட்ட கையோடே பொறித்தார்.