மேட்டை வெட்டிய பிறகு

என் உயிரான வாப்பாவுக்கு,

மாம்புரி வீட்டு முற்றத்தில் நீங்கள் கிறவல் மண் கொட்டி உயர்த்திய மேட்டை நான் வெட்டிச் சமமாக்கிவிட்டேன். உங்கள் நாற்பதாம் நாள் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுக்கப் பந்தல் போட இடம் போதவில்லை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு நாளும் காரைப் பின்பக்கமாக அந்த மேட்டில் ஏற்றி, முகப்பு வீதியைப் பார்க்க நிறுத்துவீர்கள். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரை விட்டு உடுத்த உடுப்போடு வந்தவருக்கு, மறுபடியும் ஓட வேண்டிவரும் என்ற பயம் என்று கம்பஸ் கட்டுரை ஒன்றில் எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது.

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். ஊர் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில். அவர்களின் தொலைபேசிகள் அணைந்திருந்தன. ராத்தாவின் மாப்பிள்ளையும் மீனுக்குக் கடலில். உங்கள் மூத்தவளுக்கு, நாள் குறித்ததற்கு மூன்று கிழமை முந்தியே பிள்ளை வலி வந்துவிட்டது. பாயில் இரத்தம்.

அவளைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். டக். ஒரே சத்தம். மறுபடியும் டக்.

பெட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்தேன். உங்களுக்குப் பிறகு கார் அதிகம் ஓடவில்லை. அதன் முனைகளைச் சுரண்டி இறுக்கினேன். டக். முன்விளக்கைப் போட்டு, உம்மாவை எதிரே நிறுத்தி, மறுபடியும் திருப்பினேன். மங்குகிறதா என்று கேட்டேன்.

“இல்ல மகள். அப்படியேதான் எரியுது.”

அப்படியென்றால் பெட்டரியில் பிழையில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார்தான் சுற்றவில்லை. தள்ளலாம். இந்த மணலில் யார் தள்ளுவது? மேடு இருந்திருந்தால் பிரேக்கை விட்டாலே கார் உருண்டிருக்கும், இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்துக்கொண்டிருக்கும்.

மேடு எதற்கென்று அப்போதுதான் விளங்கியது, வாப்பா.

பின்சீட்டில் ராத்தாவின் முனகல் நின்றுவிட்டிருந்தது.

“டிரைவர் சீட்டுக்குக் கீழ பாரு,” என்றார் உம்மா. “சீலை சுத்தின இரும்பொண்டு இரிக்கும். வாப்பா காருக்குக் கீழ பூந்து அதாலதான் மோட்டர தட்டுவாரு.”

“ஏனும்மா முந்தியே சொல்லல்ல?”

“மேட்ட வெட்டக்குள்ள நீ கேட்டியா?”

கியரை நடுவில் விட்டேன். கை பிரேக்கை இழுத்தேன். உம்மாவைச் சாவிக்கு முன்னால் உட்கார வைத்தேன், அவர் வாழ்நாளில் முதல் தடவை. மணலில் மல்லாந்து காருக்கு அடியில் புகுந்தேன். மோட்டாரின் உடம்பெல்லாம் சிறு சிறு பள்ளங்கள். எத்தனை தரம் இங்கே படுத்திருக்கிறீர்கள்?

தட்டினேன். திருப்பச் சொன்னேன். டக். இன்னும் பலமாகத் தட்டினேன். மேலே உம்மா பிஸ்மி சொல்வது கேட்டது.

எஞ்சின் பிடித்தது.

பாலாவி தாண்டும்போது ராத்தா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். “அபாயா முழுக்க மண். இப்படியேவா ஆஸ்பத்திரிக்கு வாறாய்?” அவளுடைய குரல் திரும்பி வந்ததே போதும். புத்தளம் ஆஸ்பத்திரி வாசலில்கூட நான் எஞ்சினை நிறுத்தவில்லை.

பெண் பிள்ளை, வாப்பா. இரண்டு பேரும் சுகம்.

மோட்டாரைக் கழற்றிய மெக்கானிக், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து நகத்தளவுதான் மிச்சம், இது பல வருடத்து நோய் என்றார். மாற்றியாகிவிட்டது. ஏன் நீங்கள் மாற்றவில்லை? இயந்திரத்தை விட மேட்டைத்தான் நம்பினீர்களா? அப்படியென்றால் என் கட்டுரை பிழையா, சரியா?

இப்போது ஒரே திருப்பில் பிடிக்கிறது. ஆனாலும் இன்று காலை முற்றத்தில் ஒரு லோட் கிறவல் வந்து இறங்கியது. உம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் மண்வெட்டியை எடுத்தேன்.

மேட்டை முந்திய உயரத்துக்கே கட்டிவிடுவேன். இனி உங்களுடைய எதையும் உம்மாவிடம் கேட்காமல் வெட்டமாட்டேன்.

இன்னும் மணல் உதறாத,
உங்கள் சின்ன மகள்