ஆகஸ்டில் வாங்கிய மார்க்

அண்ணா,

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. ஆகஸ்டில் காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் சீசன் தொடங்குமுன் கம்ப்யூட்டரில் மூளைப் பரிசோதனை வைத்தார்கள். நீ சொல்லித் தந்தபடியே வேண்டுமென்றே தப்புத்தப்பாகப் பதில் போட்டேன். பின்னால் தலையில் அடிபட்டாலும் அந்த மார்க்கைத் தொட்டுவிட்டால் ஆட விடுவார்கள் என்ற கணக்குதான். நூற்றுக்கு அறுபத்திரண்டு வந்தது.

போன சனிக்கிழமை பந்தை அணைத்துக்கொண்டு ஓடியபோது இரண்டு பேரின் ஹெல்மெட் என் தலையில் மோதியது. எழுந்துபோய் எதிரணியோடு நின்றேனாம். "என்னடா, கட்சி மாறிட்டியா?" என்று எங்கள் அணியின் ட்ரேவான் சிரித்தான்.

இன்று மறுபடியும் அதே பரிசோதனை. இந்த முறை நான் ஏமாற்றவில்லை. மிசிசிப்பியிலேயே கடினமான எஞ்சினியரிங் படிக்கிறவனுக்கு ஐந்து சொற்களை நினைவில் வைக்கத் தெரியாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அறுபத்துமூன்று.

"ஒரு மார்க் கூடவே வாங்கிட்டியேப்பா! இந்த சனிக்கிழமை தாராளமா இறங்கு" என்று டீம் டாக்டர் முதுகில் தட்டினார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் ஸ்காலர்ஷிப் போய்விடும்.

வெள்ளிக்கிழமைக்குள் நீயே அவரைக் கூப்பிட்டு, ஆகஸ்டில் நான் செய்ததைச் சொல்லிவிடு. அதற்குள் எனக்கு அசட்டுத் துணிச்சல் திரும்பிவிடும். சொல்லாதே என்று போன் போட்டுக் கெஞ்சுவேன். கேட்காதே.

உன் தம்பி