மஞ்சள் திரையும் நாலு வீட்டோவும்

மார்ச் 3
கலைக்களஞ்சிய அலுவலகத்தில் இன்று என் தலையில் விழுந்த சொல் 'வீட்டோ'. லத்தீனில் 'நான் தடுக்கிறேன்' என்று பொருள். பழைய ரோமில் சாமானியர்களின் பிரதிநிதி ஒருவர் தடுத்தால் செனட்டின் முடிவே நின்றுவிடுமாம். பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் என்று எங்கே போனாலும் இந்தச் சொல்லை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். போலந்தில் ஒரு காலத்தில் ஒரே ஓர் உறுப்பினர் மறுத்தால் சபையே கலைந்துவிடுமாம்.

இதையெல்லாம் சாப்பிடும்போது வீட்டில் சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 4
மகள் சட்டம் போட்டுவிட்டாள். ஆளுக்கு மாதம் ஒரு வீட்டோ. ஃபிரிட்ஜ் கதவில் நாலு சீட்டு, நாலு காந்தம். பயன்படுத்தினால் கிழித்துவிட வேண்டும்.

"ஒண்ணுதானா? அது எப்படிடி போதும்?" என்றார் நாத்தனார், கணவரின் அக்கா.

மார்ச் 9
தலைமைப் பதிப்பாசிரியர் கூப்பிட்டார். வேறு ஊர்க் கிளை, ஓராண்டு, அரசியல் தொகுதி முழுக்க என் பொறுப்பு. இருபத்தைந்துக்குள் பதில் வேண்டும்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். இருபது வருஷமாக இதே பதில்தான். ஆனால் இந்த முறை போக வேண்டும் — ஏன் இவ்வளவு ஆசை?

ஃபிரிட்ஜில் மூன்று பேர் சீட்டும் முழுசாக இருக்கிறது.

மார்ச் 12
கடையிலேயே மகா மட்டமான மஞ்சள் திரையை வாங்கிக் கூடத்தில் மாட்டினேன். கணவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னம்மா இது, கண்ணு கூசுது! வீட்டோ!"

கிழித்தார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். நன்றாகவே நடிக்கிறேன்.

மார்ச் 15
"அண்ணி, இனிமே ஏழு மணிக்குச் செய்தி பார்க்கலாமா?" என்றுதான் கேட்டேன். நாத்தனாருக்கு அது சீரியல் நேரம். சீட்டு நாலாகக் கிழிந்தது.

மார்ச் 16
மகளுடையது தானாகவே போயிற்று. அவள் சிநேகிதிகள் முன்னால் அவள் அப்பா பாட ஆரம்பித்தார்.

மார்ச் 18
சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"வீட்டோ!" — அக்காவும் தம்பியும் ஒரே மூச்சில். மகள் ஃபிரிட்ஜைக் காட்டினாள். என் சீட்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி, அந்தத் திரை இதுக்குத்தானா?" என்று கணவர் சிரித்தார். பிறகு மெதுவாக, "நான் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

மார்ச் 23
காலையிலிருந்து பயம். அவருக்குப் பிரஷர் மாத்திரையை யார் ஞாபகப்படுத்துவது? நாத்தனாருக்குக் கண் மருந்து யார் விடுவது? போக வேண்டாம் — கால் தானாக ஃபிரிட்ஜ் பக்கம் போயிற்று. காந்தம் இருந்தது. சீட்டு இல்லை.

"நான்தான் எடுத்து வச்சிருக்கேன்" என்றாள் மகள். "எங்க மூணு பேரையும் சமாளிச்சுட்டே. உன்னைத்தான் நம்ப முடியாது."

மார்ச் 25
சம்மதக் கடிதம் கொடுத்தாயிற்று. முப்பத்தொன்றாம் தேதிக்கு டிக்கெட். ஒன்றாம் தேதி புதுச் சீட்டு வந்துவிடும்.

ஏப்ரல் 2
வாடகை அறை. ஜன்னலுக்குத் திரை இல்லை. பெட்டியைத் திறந்தால் மேலாக அந்த மஞ்சள் திரை. மடிப்பைப் பார்த்தாலே தெரிகிறது, அவர் வைத்ததுதான்.

மாட்டினேன். நிஜமாகவே கண் கூசுகிறது. சொல்லத்தான் ஆளில்லை.