உன் மாமா ரத்தமும் என் பிளேடும்

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் குட்டிப்பயலும் சுகமா இருப்பீங்கங்கிற தைரியத்துல எழுதறேன். இங்க உன் அம்மா சுகம், அவ நாக்கு அதைவிட சுகம். எனக்கு என்னன்னு கேட்டியே, ஹெபடைடிஸ் சி-ன்னு ஒரு கிருமி என் கல்லீரல்ல குடியிருக்காம், வாடகை இல்லாம, எத்தனை வருஷமோ. மாத்திரையிலயே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார், அதனால ஒப்பாரிய இப்பவே ஆரம்பிக்காதே. கூத்து என்னன்னா உன் மாமாவுக்கும் அதேதான். இருபது வருஷமா நம்ம வீட்டு மாடியில இருந்துகிட்டு என் சவர பிளேடைத் திருடித் திருடி மழிச்சவன், இப்ப உங்க பிளேடுதான் மச்சான் எனக்கு இதைக் கொடுத்துச்சுன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தறான். திருடின பொருள்ல குத்தம் சொல்ற திருடனை நீ எங்கயாவது பார்த்திருக்கியா?

இந்தக் கிருமியில ஒண்ணு ரெண்டு மூணுன்னு வகை இருக்காம், ரத்தத்துல எந்த வகைன்னு பார்த்துட்டுதான் மாத்திரை எழுதுவேன்னுட்டார் டாக்டர். ரெண்டு பேரும் லேபுக்குப் போனோம். உன் மாமாவைக் கூப்பிட்ட நேரம் பார்த்து அவன் கக்கூஸ்ல. ஊசின்னாலே அவனுக்கு வயித்தைக் கலக்கும், உனக்குத் தெரியாததா. என்னால சும்மா இருக்க முடியுமா, நான்தான்மான்னு போய் கையை நீட்டிட்டேன். அவன் பேர் ஒட்டின குழாயில என் ரத்தத்தை எடுத்தாங்க. அவன் வந்து நிக்கட்டும், உங்களுக்கு எடுத்தாச்சேன்னு சொல்லுவாங்க, அவன் முழிக்கிற முழியப் பார்த்து சிரிச்சிட்டு உண்மைய சொல்லிடலாம்னு நெனச்சேன். படுபாவி முழிக்கவே இல்லை. எடுத்தாச்சான்னான், எடுத்தாச்சுன்னாங்க, செருப்பை மாட்டிகிட்டு எடுத்தான் பாரு ஓட்டம். அதுக்குள்ள அடுத்த மேசையில என் பேரைக் கூப்பிட்டாங்க, அங்கயும் நீட்டினேன்.

வீட்டுக்கு வந்தா உன் அம்மாகிட்ட அளந்துகிட்டிருக்கான், எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லக்கா, நான் அசையவே இல்லன்னு. எனக்கு சிரிப்பு வரலை. ரெண்டு குழாயிலயும் இருக்கறது என் ரத்தம். என் வகைக்கு எழுதற மாத்திரைய அவன் முழுங்கி, அவனோட கிருமி போகாமலே நின்னுட்டா? உன் அம்மாகிட்ட மெதுவா சொன்னேன். அவ திட்டினதை அப்படியே எழுதினா தபால்காரர் இந்தக் கடிதத்தைக் கையால தொடமாட்டார். மறுநாள் காலையில ரெண்டு பேரையும் லேபுக்கு இழுத்துட்டுப் போனா. அங்க இருந்த பொண்ணு அந்தக் குழாயைத் தூக்கி ஓரமா வச்சிட்டு, ஐயா உங்களுக்கு என்ன வயசுன்னு கேட்டா. எழுபத்திரண்டும்மான்னேன். எழுபதை எங்க தொலைச்சீங்க, ரெண்டுதான் தெரியுதுன்னா. உன் மாமாவுக்கு நிஜமாவே ஊசி ஏறினப்ப போட்ட சத்தத்துல வாசல்ல படுத்திருந்த நாய் எழுந்து போயிடுச்சு.

பத்து நாள்ல ரிப்போர்ட் வந்துச்சு. நான் மூணு, அவன் ஒண்ணு. வகையே வேற, இவர்கிட்டேர்ந்து உங்களுக்கு வந்திருக்காதுன்னு டாக்டர் அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டார். விடுவேனா, வர்ற வழியெல்லாம் என் பிளேடுகிட்ட மன்னிப்பு கேளுடா கேளுடான்னு உயிரை எடுத்தேன். தெருமுனை வந்ததும் அவன் நின்னான். அப்புறம் மெதுவா, அது இருக்கட்டும் மச்சான், நம்ம பையன் முதமுதலா மழிச்சது எந்த பிளேடுலன்னு கேட்டான்.

என் பிளேடுலதான்டா. உன்னைக் கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு, என் பிளேடைக் கையில கொடுத்து, பூனை மீசைக்கு என்னடா பயம்னு கேட்டவன் நான்தானே. நீ மூணு இடத்துல வெட்டிகிட்ட, நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்பவே இது என் ரத்தத்துல இருந்துச்சான்னு யாருக்கும் தெரியாது. அப்படி வர்றது அபூர்வம்தான், ஆனாலும் பார்த்துடறது நல்லதுன்னு டாக்டர் சொல்றார். உன் அம்மாவுக்குப் பார்த்தாச்சு, ஒண்ணுமில்ல. இனி நீதான். லீவு இல்லன்னு கதை விடாதே. முதல்ல கிருமி இருக்கான்னு பார்ப்பாங்க, இருந்தாதான் என்ன வகைன்னு பார்க்கறதெல்லாம். இல்லன்னு வந்தா உன் மாமாவுக்கு எழுது, அவன் வாயை அடைக்கணும். மூணுன்னு வந்தா எனக்கு எழுது, மறைக்காதே. நேர்ல வந்து ஆசை தீரத் திட்டு, பக்கத்துல உக்காந்து ரெண்டு பேருமா மாத்திரை முழுங்குவோம்.

மருமகளுக்கும் குட்டிக்கும் என் ஆசி, உனக்கு நூறு வயசு. குட்டிக்கு மீசை முளைக்கறப்ப புது பிளேடா வாங்கிக் கொடு. டெஸ்டை மறந்துடாதே. இந்தத் தடவை உனக்குப் பதிலா நான் போய் கையை நீட்ட முடியாது, அதான் கெஞ்சறேன்.

இப்படிக்கு,
உன் அப்பன், மூணாம் நம்பர்