ஆறாம் வாரம்

ஜூன் 4

மருமகளுக்குக் கல்லூரியில் புதுப் பாடம் கொடுத்திருக்கிறார்கள். தொழிற்சாலைப் பாதுகாப்பு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அதனால் பாடத்திட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தயாரிக்கிறாள். எந்த வாரம் எதை நடத்துவது, பிள்ளைகள் எதைப் படிப்பது, முடிவில் அவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் – எல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணுமாம். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். யார் கேட்டார்கள்?

ஜூன் 7

போன வருடத்துப் பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு அங்கங்கே மாற்றுகிறாள். எல்லோரும் அப்படித்தானாம். வாய்விட்டுப் படித்தாள்: "ஆறாம் வாரம். சாய ஆலை பாய்லர் விபத்து. காரணம், தொழிலாளியின் கவனக்குறைவு."

நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயம் கைநழுவி உருண்டது.

இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, யார் எழுதியது என்று கேட்டேன். அவளுடைய துறைத் தலைவராம். பின்னட்டைப் படத்தைக் காட்டினாள். தலை நரைத்திருக்கிறது. தாடை அதேதான். அன்று விசாரணைக்கு வந்த சின்ன அதிகாரி. எங்கள் வாசலைத் தாண்டி முதலாளி வீட்டுக்குக் காபி குடிக்கப் போனவன்.

அந்த விபத்தில் செத்த தொழிலாளி என் வீட்டுக்காரர். இவளுக்குத் தெரியாது.

ஜூன் 8

அவர் வந்தார். பட்டப்பகலில். மேசைக்குப் பக்கத்தில், ஈரச் சட்டையோடு. அவள் அவர் ஊடாகக் கையை நீட்டிப் பேனாவை எடுத்தாள்.

ஜூன் 10

சொல்லிவிட்டேன். நீராவி மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் வால்வு. அது திறந்தால் வேலை நிற்கிறது என்று கம்பியால் கட்டச் சொன்னவன் மேலாளர். கட்டியவர் இவர். பழி இவர் தலையில். மருமகள் பேனாவை மூடி வைத்தாள். "எனக்கு ஏன் யாரும் சொல்லலை அத்தை?" என்றாள். என் மகனுக்கே முழுக்கத் தெரியாது. இன்றும் முழுக்கச் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

பேத்தி நடுவில் வந்து, "பாட்டிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், மாத்திரை மட்டும் மறந்துடும்" என்றாள். இதையும் ஞாபகம் வைத்திருப்பேன்.

ஜூன் 13

'காரணம் விவாதத்துக்குரியது' என்று மாற்றி எழுதியிருக்கிறாள். பாடத்திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தரும் குழுவில் அந்தத் தாடைக்காரனும் உட்காருவான். வேலை போனால் என்ன செய்வாய் என்றேன். பயப்படுகிறாள். நானும்தான்.

ஜூன் 19

குழு கூடியது. அவன் கோபப்படவே இல்லையாம். சிரித்தானாம். சர்ச்சை எதற்கு, அந்த வாரத்தையே எடுத்துவிடலாம் என்றானாம். எடுத்துவிட்டார்கள். ஆறாம் வாரம் – தலைக்கவசங்களின் வகைகள்.

பழி போயிற்று. நான் சந்தோஷப்பட வேண்டாமா?

ஜூன் 20

இன்று அவர் சுவரோரமாக நின்றார். எது சுவர், எது சட்டை என்றே தெரியவில்லை. உற்று உற்றுப் பார்த்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பொய் எழுதியிருந்தபோதாவது அந்த வகுப்பில் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்தார். இப்போது யாருமே சாகவில்லை. அப்படியானால் நான் யாருக்கு அழுதேன்? இத்தனை வருடமும் யாருக்கடி அழுத?

ஜூன் 21

"திரும்பப் போடும்மா" என்றேன்.

"அந்தப் பொய்யையா அத்தை?"

"பொய்யோடவே போடு. ஆள் இருக்கணும்."

ஜூலை 2

போட்டுவிட்டாள், பழையபடியே, ஒரு எழுத்து மாறாமல். தாடைக்காரன் முதுகில் தட்டிப் பாராட்டினானாம். நான்தான் போடச் சொன்னேன். இருந்தும் இவளோடு பேசப் பிடிக்கவில்லை.

ஜூலை 3

பேசவில்லை.

ஆகஸ்ட் 14

ஆறாம் வாரம் நடந்தது. சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன், பிள்ளைகள் யாராவது ஏதாவது கேட்டார்களா என்று. அந்தத் தொழிலாளிக்குக் குடும்பம் இருந்ததா, வால்வை அவனாகவே ஏன் கட்டப்போகிறான் – இப்படி ஏதாவது.

"இது பரீட்சைக்கு வருமான்னு கேட்டாங்க."

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வரும்னு சொல்லிட்டேன் அத்தை. பாடத்திட்டத்தைத்தான் குழு பார்க்கும். உள்தேர்வுக்குக் கேள்வி போடுறது நான்."

கேள்வியையும் சொன்னாள். இந்த விபத்தில் விசாரணை அதிகாரி யார் யாரைக் கேட்டிருக்க வேண்டும்? ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். விடைக்குறிப்பு எழுத வேண்டுமாம். நான் சொல்ல வேண்டுமாம்.

முதலில் அவரைத்தான் என்றேன்.

பேனா நின்றது. சம்பவ இடத்திலேயே இறந்ததாக அல்லவா புத்தகத்தில் இருக்கிறது என்றாள்.

"இல்லம்மா. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் இருந்தார். பேச்சு தெளிவா இருந்தது. யாராவது வந்து கேப்பாங்கன்னு கதவையே பாத்துட்டுக் கிடந்தார்."

அவள் எழுதிக்கொண்டாள்.