நான் நிறுத்துக் கொடுத்த உப்பு

பிழை என்னுடையது என்று உனக்குத் தெரிந்திருந்ததா? நேற்றுப் பின்னேரம் தொடங்கி இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னிடம் விடை இல்லை. உன்னிடம் கேட்கவும் இனி வழியில்லை.

நான் இரசாயனம் படிப்பிக்கும் வெள்ளவத்தை வகுப்பின் விடைத்தாள்களை வீட்டில் திருத்திக்கொண்டிருந்தேன். பஃபர் எனும் தாங்கற்கரைசல் கணக்கு. அசற்றிக் அமிலமும் அதன் சோடிய உப்பும் சம மூல் அளவில் இருந்தால் கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அந்த அமிலத்தின் பி.கே.ஏ.க்குச் சமம், 4.76. அதற்கு எத்தனை கிராம் உப்பு வேண்டும் என்பது கேள்வி. கொடுத்திருந்தது நீர் சேர்ந்த பளிங்கு உப்பு, மூலர்த்திணிவு 136. ஒரு பிள்ளை நீரற்ற உப்பின் 82ஐப் போட்டு, 4.10 கிராம் என்று எழுதியிருந்தாள். பிழையான அளவைப் போட்டால் என்ன பி.எச். வரும் என்று ஓரத்தில் கணித்துக் காட்டுவது என் வழக்கம். உப்பு குறைகிறது, விகிதம் 0.6 ஆகிறது, மடக்கை எடுத்தால் 0.22 இறங்குகிறது. 4.54.

அந்த எண்ணை நான் முன்பு கண்டிருக்கிறேன். உன் கையெழுத்தில்.

இருபது வருடங்களுக்கு முன், மருந்து செய்யும் கம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் உனக்கும் எனக்கும் ஒரே மேசை. நான் நிறுத்துக் கரைப்பேன். நீ பி.எச். மீட்டரில் அளந்து கொப்பியில் பதிவாய். அன்று எங்கள் நீரற்ற உப்பு முடிந்திருந்தது. பக்கத்து ஆய்வுகூடத்தில் ஒரு போத்தல் கேட்டு வாங்கிவந்தேன். நிறுத்தது வழமையான 4.10 கிராம். 4.76 வரவேண்டிய இடத்தில் நீ 4.54 என்று எழுதினாய். போத்தலில் பெயர் ஒன்றுதான், ஆனால் உள்ளே இருந்தது நீர் சேர்ந்த உப்பு என்று நேற்றுத்தான் எனக்கு விளங்கியது.

"மீட்டரை ஒழுங்கா செட் பண்ணினீங்களா மிஸ்?" என்று மேலதிகாரி உன்னிடம் கேட்டார்.

"காலையிலதான் சார் செட் பண்ணினது. மீட்டர்ல பிழையில்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் கணக்குத் தாளை நீட்டினேன். வரிவரியாகப் பார்த்தார். தாளில் ஒரு பிழையும் இல்லை. போத்தல் எங்களுடையதல்ல என்று நான் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, அவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இப்படித்தான் இத்தனை வருடம் நினைவில் வைத்திருந்தேன். இப்போது அந்த 'தோன்றவில்லை'யை நான் முழுதாக நம்பவில்லை.

உன் மீட்டர் அதற்கு முன் அளந்தவையெல்லாம் சந்தேகத்துக்குள்ளாயின. மருந்துகளைத் திரும்பச் சோதித்தார்கள். உன்னைப் பொதி கட்டும் பகுதிக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் நீயே வேலையை விட்டாய். அதற்குள் புது மீட்டரும் எங்கள் வழமையான உப்பும் வந்துவிட்டன, பி.எச். சரியாக வந்தது. புது மீட்டர்தான் காரணம் என்று எல்லாரும் நம்பினோம்.

பொதி கட்டும் பகுதிக்குப் போக நீ மேசையைக் காலிசெய்த அன்று, கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாய். "ஏய், லேபலைக் கடைசி வரி வரைக்கும் வாசி. பேரோட நிப்பாட்டாத."

"நீ முதல்ல உன்ர மீட்டரைப் பார்" என்றேன் நான். நீயும் சிரித்தாய்.

நீ போத்தலைப் பார்த்திருந்தாய், தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எழுதினால் இந்த மடல் அழகாக முடியும். ஆனால் லேபலை முழுக்க வாசி என்பது ஆய்வுகூடத்தில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்லும் புத்திமதிதான். இரண்டில் எது என்பதற்கு ஆதாரம் இல்லை. இல்லாத ஆதாரத்தை வைத்து உன்னை நல்லவளாக்கினால், ஆறுதல் எனக்குத்தான்.

போன மாதம் உன் செத்தவீட்டில், யாரோ கேட்டதற்கு உன் கணவர் சொன்னார். "கெட்டிக்காரிதான். லாப்ல ஒரு மெஷினைப் பிழையா செட் பண்ணிட்டா, அதோட வேலை போச்சு." பக்கத்தில் நின்ற நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. போய்ச் சொன்னால் யாருக்கு நன்மை என்று புத்தி கேட்கிறது. எனக்கு வசதியான கேள்விகளைத்தான் அது எப்போதும் கேட்கும்.

இதுவரை எழுதி மூடிவைத்தேன். மறுநாள் நடந்தது இது.

காலையில் கொட்டாஞ்சேனையில் உன் வீட்டுக்குப் போனேன். உன் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல், கணக்குத் தாள், தலையாட்டியது. அவர் கடைசியில், "அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியேல்ல."

அவர் சொன்னார். "கறிக்கு உப்புப் போதுமா பாருங்கன்னு கேப்பா. மீட்டரைக் கொண்டு வா, பாத்துச் சொல்றேன்பேன். கல்யாணம் கட்டின நாள்ல இருந்து இதே பகிடி."

பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். "இங்க வா மகள். அம்மா மேல பிழை இல்லையாம். ஆன்ட்டி சொல்றாங்க, கேளு."

அவள் வந்து எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்காரும் விதம் உன்னுடையது.

"முதல்ல இருந்து சொல்லுங்க ஆன்ட்டி."

"உப்பை நிறுத்தது நான்" என்று தொடங்கினேன்.